திரும்பினால் இருக்கமாட்டாள்

ஒரு விடுகதை. கூப்பிட்டால் வரமாட்டாள், கூப்பிடாவிட்டால் பின்னாலேயே வருவாள். திரும்பினால் இருக்கமாட்டாள், திரும்பாவிட்டால் தோளில் கை வைப்பாள். அவள் யார்? அவசரம் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள். செண்பகாவுக்கும் விடை தெரியாது. விடை தெரியாத அந்த விடுகதையைத் தன் ஆய்வேட்டில் எழுதி, எதிரே ‘நிழல்’ என்று ஒரு விடையையும் எழுதி, துறையில் கொடுத்துவிட்டு, இப்போது அளத்தங்கரைக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பேருந்தில் கூட்டம் இல்லை. ஏறும்போது பின்பக்கம் யாரும் இருந்ததாக நினைவில்லை. இப்போது யாரோ இருந்தார்கள். அவளுடைய இருக்கையின் மேல்கம்பியை யாரோ பிடித்திருந்தார்கள். வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்தப் பிடி இறுகுவது முதுகில் தெரிந்தது. நடுவில் எங்காவது ஏறியிருப்பார்கள். திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். தலையைச் சற்றுத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். கழுத்து என்னவோ அதற்கு இணங்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் பார்க்கலாம் என்று பார்த்தாள். அதில் அவளுடைய காதும் ஓடுகிற உடைமரங்களும்தான் இருந்தன. நிழல் என்பது சரியில்லை. நிழல், திரும்பினாலும் இருக்கும். அதை முதலில் சொன்னவர் ஐயா.

ஐயா என்றால் தேவசகாயம் ஐயா, அவளுடைய நெறியாளர். காலையில் துறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.  மேசை மேல் அவளுடைய ஏடு இருந்தது, உப்பளத்துப் பிள்ளைகளின் விடுகதைகள் என்று அட்டையில் போட்டு; அதன் மேல், அடுத்தவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணினி எடுத்துக்கொடுத்த ஒப்புமை அறிக்கை. நாலு சதவீதம். இந்த வகுப்பில் இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதவில்லை என்று ஐயா சொன்னார். விடுதி அறையில் இதைச் சொன்னபோது அறைத்தோழி ரோஸ்லின், அந்த நாலும் உன் பேரும் காலேஜ் பேருமாகத்தான் இருக்கும், அதையும் மாத்தியிருந்தா பூஜ்யம் வாங்கியிருக்கலாம் என்று சிரித்தாள். செண்பகாவும் சிரித்தாள். சிரிக்கும்போது தன் சிரிப்பு கொஞ்சம் தள்ளி, அறையின் மூலையிலிருந்து வருவது போல இருந்தது. ஆனால் அது பிறகு. அதற்கு முன்னால் ஐயா இரண்டாம் இயலைத் திறந்து, சிவப்பு மையால் சரி போட்டிருந்த பக்கத்தைக் காட்டினார். முப்பது வருடமாக விடுகதை கேட்கிறேன், இதை எங்கும் கேட்டதில்லை என்றார். நிழல் திரும்பினாலும் இருக்குமேம்மா என்றார். பிள்ளை அப்படித்தான் சொன்னது என்று அவள் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்பே, பிள்ளை என்று தான் சொன்ன இடத்தில் பிள்ளையே இல்லை என்பது உறைத்தது. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீயே காதால கேட்டதுதானே?” “ஆமாங்கய்யா.” சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால் பரவாயில்லை. அவர் சந்தோஷமாகக் கேட்டார். ஆமாங்கய்யா. அந்த ஒரு சொல்லை அவள் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை, மாற்றி எழுதவில்லை. அந்த ஏட்டைப் பற்றி அவளுடைய வாயிலிருந்து அவளுடையதாகவே வந்தது அது ஒன்றுதான். அந்தப் பிள்ளையின் குரலைப் பதிவு செய்து கொண்டுவா, இன்றைக்கே போ, நாளைக்கு வாய்மொழித் தேர்வுக்கு வருகிற வெளியூர்ப் பேராசிரியருக்குப் போட்டுக் காட்டுவோம் என்று ஐயா சொன்னார். மேல்படிப்புக்கு அவளுக்காகத் தான் எழுதிய பரிந்துரையில் இதைத்தான் முதலில் குறிப்பிட்டிருப்பதாகவும் சொன்னார். போன வருடம் பவித்ரா அக்காவின் ஏட்டில் அடுத்தவர் எழுதிய பக்கங்கள் இருந்ததை இதே ஐயா கண்டுபிடித்தார். திட்டவில்லை. ஏட்டைத் திருப்பிக் கொடுத்தார், பட்டம் நின்றுபோயிற்று, பவித்ரா அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் யாருடைய போனையும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஐயா ஒரு வாரம் வகுப்பில் அடிக்குறிப்பு மட்டுமே நடத்தினார். யார் சொன்னார், எங்கே சொன்னார், எப்போது சொன்னார். செண்பகா அதை அழகாகக் குறித்துக்கொண்டாள்.

துறையின் மூலையில் உள்ள இரும்பு பீரோவைச் சாவி இல்லாமலே திறக்கலாம், கதவை லேசாகத் தூக்கி இழுத்தால் போதும். அதற்குள் தட்டச்சில் அடித்த பழைய ஏடுகள், அந்துருண்டை வாசம். எதையோ தேடப்போய் அதில் க. சண்முகவடிவு என்ற பெயரைப் பார்த்தாள். அதே ஊர், அதே விடுகதைகள். முதலில் கோபம்தான் வந்தது, தான் போகிற வழியில் ஒருத்தி முன்னாலேயே போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டாள் என்று. பிறகு அங்கேயே நின்று படித்தாள். செண்பகாவிடமும் விடுகதைகள் இருந்தன. அளத்தங்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போய், டீச்சர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் பதிவு செய்து வந்தவை. எல்லாம் தேங்காயும் குடையும் மிளகாயும். எந்தப் புத்தகத்திலும் கிடைப்பவை. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வாய்ப்பாடு போலச் சொன்னார்கள். மணி அடித்ததும் அவள் பேருந்தைப் பிடிக்க ஓடிவிட்டாள். சண்முகவடிவின் ஏட்டில் இருந்தவை அப்படி இல்லை. அவற்றில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, செண்பகா எடுத்தாள். விடை இருக்க வேண்டிய மூலையை இராமபாணப் பூச்சி தின்றிருந்தது. யாரிடம் கேட்டது என்ற குறிப்பும் அதோடு போயிருந்தது. விடுகதைக்கு உடையவர் யார்? யாரும் இல்லை. ஊருக்குப் பொது. காற்றில் கிடப்பதை எடுப்பது எப்படித் திருட்டாகும்? இதை அவள் பல தடவை தனக்குச் சொல்லிக்கொண்டாயிற்று, இப்போதும் சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரு காது வந்து நின்றது. காற்றில் கிடந்ததைக் கேட்ட காது. சண்முகவடிவு எப்படி இருப்பாள் என்று தெரியாததால் காது மட்டும்தான் வந்தது, தோடு போட்ட சிறிய காது. அதோடு, எடுத்தது விடுகதை மட்டும் என்றால் அப்படிச் சொல்லலாம். அதைத் தொடர்ந்த விளக்கத்தையும் அல்லவா எடுத்தாள். ஒவ்வொரு சொல்லாகத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வேறு சொல் வைத்தாள். மாலை இருந்த இடத்தில் அந்தி. சிறுமியர் இருந்த இடத்தில் பெண்பிள்ளைகள். வீடு நின்றுகொண்டே இருக்க, ஒவ்வொரு செங்கல்லாக உருவிப் புதிது செருகுவது போல. முடித்தபோது ஒரு செங்கல்கூடப் பழையதாக இல்லை, வீடு மட்டும் அவளுடையதாக ஆகவில்லை. அந்தக் கணினிக்கு இது தெரியாது. தட்டச்சு ஏடு இணையத்தில் இல்லை. சண்முகவடிவு என்று ஒருத்தி இருந்ததே அதற்குத் தெரியாது. செண்பகாவுக்கு மட்டும் தெரியும். ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த ஆள், அந்த ஒருவரை விட்டு வேறு எங்கே போவாள்?

மாலையில் இச்சிறுமியர் திரும்பிப் பார்ப்பதில்லை. சண்முகவடிவு எழுதியது அவ்வளவுதான், காரணம் சொல்லவில்லை. பயமாகத்தான் இருக்கும் என்று செண்பகா முடிவு செய்தாள். வேறு எதற்குத் திரும்பாமல் இருப்பார்கள்? அந்தி வேளையில் இப்பகுதிப் பெண்பிள்ளைகள் பின்னால் நோக்க அஞ்சுகின்றனர் என்று எழுதினாள். எழுதியதும் கை தானாக ஓடியது. பேய் நம்பிக்கை, உப்பளத்தில் இறந்தவர்கள், நீரில் தெரியும் உருவங்கள் என்று ஒரு பக்கம் வந்துவிட்டது. ஐயா சிவப்பு மையால் சரி போட்டது அந்தப் பக்கத்துக்குத்தான். விநோதம் என்னவென்றால், அதற்குப் பிறகு அவளுக்கு அது ஞாபகம் வர ஆரம்பித்தது. உப்புப் பாத்திகளுக்கு நடுவில் வரப்பில் ஒருத்தி பின் ஒருத்தியாகப் போகிற பெண்பிள்ளைகள். யாரும் திரும்பவில்லை. பாத்தித் தண்ணீரில் அவர்களுடைய தலைகீழ் உருவங்களும் திரும்பாமல் போகின்றன. கடைசியில் போகிறவள் பச்சைப் பாவாடை கட்டியிருக்கிறாள். செண்பகா அதை நேரில் பார்த்ததே இல்லை, மணி அடித்ததும் ஓடிவந்தவள் அவள். ஆனால் உப்புக்காற்று உதட்டில் கரித்தது வரை ஞாபகம் இருக்கிறது. பச்சைப் பாவாடை எங்கிருந்து வந்தது? பழைய ஏட்டில் தேடிப் பார்த்தாள், இல்லை. தன் ஏட்டில் இல்லை. அடுத்தவளின் வாக்கியத்தை எடுத்தால் வாக்கியம் மட்டுமா வரும், அதைப் பார்த்த கண்ணில் ஒட்டியிருந்ததும் சேர்ந்து வந்துவிடுமோ? அப்படியானால் தன்னுடையது எது? சின்ன வயதில் குற்றாலத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அருவிக்குப் பயந்து நின்றது தானா, வேறு யாராவதா? அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே வானொலியோடு சேர்ந்து பாடுவாளே, அது எந்த அம்மா? ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தாள், சட்டியில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது போல. எல்லாம் சரியாகத்தான் சத்தம் கொடுத்தன. அதுதான் கவலையாக இருந்தது. பச்சைப் பாவாடையும் அதே சத்தம்தான் கொடுத்தது.

அளத்தங்கரைக்குப் பாதை பிரியும் விலக்கில் வண்டி நின்றது. எழுந்து படிக்கு வந்தாள், பின்பக்கம் பார்க்காமல். நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஊறுகாய் போடவா டீச்சர், இம்புட்டுத் தூரம் உப்புக்கு வந்திருக்கீங்க என்றார். பிள்ளைகளைப் பார்க்க வந்தேன் என்றாள். இருட்டுமுன்னே வந்துருங்க, இங்க வரைக்கும் வண்டி வந்ததே உங்க ஒரு ஆளுக்காகத்தான், வேற டிக்கெட்டே இல்ல என்று சொல்லி விசிலடித்தார். வண்டி திரும்பியது. அவள் ஜன்னல்களை நிமிர்ந்து பார்க்கவில்லை, தரையில் டயர் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடத்துநர் கணக்கு தவறியிருக்கலாம். பாஸ் வைத்திருக்கிற யாராவதாக இருக்கலாம். ஊருக்குள் போக உப்பளத்தின் நடுவேதான் பாதை. இரண்டு பக்கமும் பாத்திகள், பாத்திகளில் வானம். தார்ப்பாய் போர்த்திய உப்புக் குவியல்கள், போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆட்களைப் போலவே, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து. நடக்க நடக்க வலப்பக்கத் தண்ணீரில் ஒரு செண்பகா, இடப்பக்கத் தண்ணீரில் ஒரு செண்பகா. செருப்புச் சத்தம் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டது. நின்றாள். சத்தமும் நின்றது, ஆனால் ஒரு நொடி பிந்தி. ரப்பர் செருப்பு பின்னால் அடிக்கும், அதனால் அப்படித்தான் கேட்கும். செய்ய வேண்டியதை யோசித்தாள். பின்னிணைப்பில் தகவலாளர் என்று இசக்கிப்ரியா, நான்காம் வகுப்பு என்று எழுதியாயிற்று. பள்ளிக்கூடத்தில் குடை விடுகதையைச் சொன்ன பிள்ளை அவள், குரல் கணீரென்று இருந்ததால் பெயர் நினைவிருந்தது. அவளைக் கண்டுபிடிக்க வேண்டும். விடுகதையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், போனில் சொல்லவைக்க வேண்டும். சொல்லிவிட்டால் அது உண்மை ஆகிவிடும். பிள்ளை சொன்னாள், நான் கேட்டேன். முன்னே பின்னே ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஒரு பொய்யை நடந்ததாக மாற்ற ஒரு பிள்ளையின் வாய் போதும் என்று நினைத்ததும், தன் வாயை யாரோ அதே போல எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றி, உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். கரித்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், பெண்பிள்ளைகள் மட்டும். பச்சைப் பாவாடை யாரும் கட்டியிருக்கவில்லை, அதில் அவளுக்கு நிம்மதி கிடைக்கவில்லை. அவர்கள் ஒருத்தி முதுகைப் பார்த்து ஒருத்தியாக, ரயில் பெட்டி போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முகமும் மேற்கே இருந்தது. பின்னால் இருப்பவள் முன்னால் இருப்பவளுக்கு விடுகதை போட்டாள். போடுகிறவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வரமாட்டாள், தானாகத்தான் பின்னால் வந்து உட்காருவாள். முன்னால் இருப்பவள் திரும்பக் கூடாது, திரும்பினால் போட்டவள் எழுந்து போய்விடுவாள், கதையும் போச்சு. திரும்பாமல் யோசித்து விடை வராவிட்டால், போட்டவள் அவள் தோளில் கை வைத்துத் தோல்வி என்பாள். செண்பகா நின்று பார்த்தாள். ஒரு கை எழுந்து ஒரு தோளில் உட்கார்ந்தது. மாலையில் இச்சிறுமியர் திரும்பிப் பார்ப்பதில்லை. பயமே இல்லை. விளையாட்டு. சண்முகவடிவு மணி அடித்த பிறகும் இருந்திருக்கிறாள், இங்கே நின்றிருக்கிறாள், ஒருவேளை வரிசையில் உட்காரவும் செய்திருக்கிறாள். பேயும் நீரில் தெரியும் உருவங்களும் சிவப்பு மைச் சரியும் கொண்ட அந்தப் பக்கம் முழுவதும், இங்கே வராத ஒருத்தி எழுதியது. இசக்கிப்ரியா அவளை அடையாளம் கண்டுகொண்டு, டீச்சரக்கா வந்திருக்காங்க என்று எழுந்தாள். செண்பகா வந்த காரியத்தைச் சொன்னாள், ஒரு விடுகதை சொல்லித்தருவேன், அதை அப்படியே போனில் சொல்ல வேண்டும் என்று. உட்காருங்க என்றார்கள். இவர்களுக்கு உட்கார்ந்துதான் பழக்கம். வரிசையின் கடைசியில், இசக்கிப்ரியாவின் முதுகுக்குப் பின்னால், செண்பகா உட்கார்ந்து விடுகதையைச் சொன்னாள். முன்னாலிருந்து விடை வர ஒரு நொடிகூட ஆகவில்லை. “கதை போடுதவ” என்றாள் இசக்கிப்ரியா, இதெல்லாம் ஒரு கதையா என்பது போல. அவ்வளவு லேசான விடை. பின்னால் இருந்துகொண்டு கேட்பவள். செண்பகா சிரிக்கப் பார்த்தாள், அப்போது அவளுடைய தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. கனமில்லாத கை. விரல்கள் ஈரமாக இருந்தன, அல்லது காற்று ஈரமாக இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் அவளுக்கு முன்னால் இருந்தார்கள். அவள் திரும்பவில்லை.

இசக்கிப்ரியா கேட்டாள், இது யாரு போட்டதுக்கா என்று. செண்பகாவுக்குப் புரியவில்லை. மற்றவர்கள் விளக்கினார்கள்: ஒரு கதையைப் போட்டால் அது யார் போட்டது, யார் வாங்கினது என்று முதலில் சொல்ல வேண்டும், அவளுக்கு யார் போட்டாள், அவளுக்கு யார், தெரிந்த வரைக்கும். பள்ளிக்கூடத்தில் ஏன் சொல்லவில்லை என்று செண்பகா கேட்டாள். டீச்சர் பேரெல்லாம் வேண்டாம், கதையை மட்டும் சொல்லுங்கன்னு சொன்னாங்க என்றாள் ஒருத்தி. வரிசையின் முன்பக்கத்திலிருந்து இன்னொருத்தி, பேர் இல்லாமப் போட்டா அது களவாண்ட கதை, அக்கா களவாண்டுட்டு வந்திருக்காங்க என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஏட்டி, சும்மா கெட என்று இசக்கிப்ரியா அதட்டினாள். “நான்தான் போட்டேன்” என்றாள் செண்பகா. “உங்களுக்கு யாருக்கா போட்டது?” தோளில் கை அப்படியே இருந்தது, அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. சண்முகவடிவு என்றாள். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் பாத்திகளின் மேல் ஏதோ ஒன்று, வெளிச்சமோ காற்றோ, ஒரு பக்கம் ஒதுங்கியது போல இருந்தது. அவங்களுக்கு யார் என்று கேட்டாள் பிள்ளை. தெரியாது, பூச்சி தின்றுவிட்டது என்றாள். பிள்ளைகள் அதை ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் போன் அடித்தது. ஐயா. குரலில் காலையில் இருந்த அதே சந்தோஷம். போய்விட்டாயா, பிள்ளை கிடைத்தாளா, சிக்னல் நன்றாக இருக்கிறதே, பதிவெல்லாம் அப்புறம் செய்துகொள்ளலாம். “பிள்ளைகிட்ட குடும்மா. நானே கேக்குறேன்.” செண்பகா போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். மூடிய கைக்குள் ஐயாவின் குரல், ஹலோ ஹலோ என்று பூச்சி போலக் கேட்டது. பெயர் வேண்டாம், கதையை மட்டும் சொல்லு என்று சொல்ல வேண்டும். சொன்னாள். கெஞ்சுவது போல வந்தது. பெயர் சொன்னால் அக்காவுக்குப் படிப்பு போய்விடும் என்றும் சொன்னாள், ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளையிடம். பிள்ளை அவளுடைய முகத்தைப் பார்த்தாள், பிறகு அவளுடைய தோளுக்கு மேலே, பின்னால், சற்று நேரம் பார்த்தாள். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டோமா, நினைத்தோமா என்று செண்பகாவுக்குத் தெரியவில்லை. கையை எடுத்துவிட்டுப் போனை நீட்டியிருந்தாள்.

இசக்கிப்ரியா போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். சண்முகவடிவு போட்டது என்றாள். செண்பகாக்கா வாங்கினது என்றாள். பிறகு விடுகதையைச் சொன்னாள்.